கிரெடிட் கார்டு பாயின்ட்டின் உண்மையான மதிப்பு என்ன? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரங்களில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் பாயின்ட் பற்றி, அதாவது அட்டையில் செலவிடுவதற்காக வங்கி தரும் பரிசுப் புள்ளிகள் பற்றி, அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கணக்குகளில் வரும் பாயின்ட் விகிதங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் அட்டைக்கு உரிய விகிதத்தை வங்கியின் விதிமுறைப் பக்கத்தில் பார்த்து, அதே இடத்தில் பொருத்திக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் 12,400 பாயின்ட் சேர்ந்திருக்கிறது. இதை 12,400 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை காசு என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. அதிலும் ஒரே அட்டையின் பாயின்ட்டுக்கு, அதை எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பு இருக்கும். பில் தொகையில் கழித்துக்கொண்டால் 20 காசு, வவுச்சராக எடுத்தால் 25 காசு, விமான டிக்கெட் வாங்கினால் 50 காசு என்று ஓர் அட்டையில் இருப்பதாகக் கொள்வோம். அப்போது உங்கள் 12,400 பாயின்ட் முறையே 2,480 ரூபாய், 3,100 ரூபாய், 6,200 ரூபாய் ஆகிறது. விலையுயர்ந்த சில அட்டைகளில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் வரை போவதும் உண்டு. ஆனால் அந்த மதிப்பு பெரும்பாலும் விமான டிக்கெட், ஹோட்டல் அறை போன்றவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

எனவே, பாயின்ட் எண்ணிக்கையை வைத்து இரண்டு அட்டைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. "பத்து மடங்கு பாயின்ட்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதன் பத்து மடங்கு, அந்த ஒன்றுக்கு எத்தனை காசு என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

வங்கி இந்தப் பாயின்ட்டை எங்கிருந்து தருகிறது?

நீங்கள் அட்டையைத் தேய்க்கும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி கமிஷனாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும் பங்கு உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. இதோடு ஆண்டுக் கட்டணமும், பாக்கி வைப்பவர்கள் கட்டும் வட்டியும் சேர்ந்த வருமானத்திலிருந்துதான் பாயின்ட் வருகிறது. ஆகவே எந்த வங்கியும் எல்லாச் செலவுக்கும் 4%, 5% என்று தொடர்ந்து திருப்பித் தர முடியாது. அப்படித் தருவதாகச் சொன்னால், மாத உச்சவரம்பு ஒன்று விதிமுறையின் அடியில் எங்கோ இருக்கும்.

என் அட்டை தரும் உண்மையான விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

செலவிட்ட ரூபாய் ஒவ்வொரு நூறுக்கும் கையில் திரும்பி வரும் ரூபாய் எவ்வளவு என்று பாருங்கள். "150 ரூபாய்க்கு 4 பாயின்ட், ஒரு பாயின்ட் 20 காசு" என்றால், ஒரு லட்சம் ரூபாய் செலவுக்கு 2,666 பாயின்ட் கிடைக்கும்; அதன் மதிப்பு 533 ரூபாய். அதாவது 0.53%. அட்டையின் மேல் என்ன பெயர் பொறித்திருந்தாலும், ஊரில் சாதாரணமாக வைத்திருக்கும் பல அட்டைகளின் விகிதம் அரை சதவீதத்துக்கும் ஒரு சதவீதத்துக்கும் இடையில்தான் வந்து நிற்கும்.

இதோடு கணக்கு முடியவில்லை. பாயின்ட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாய் கட்டணம் பிடிக்கும் அட்டைகள் இருக்கின்றன. 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் அது 116 ரூபாய் 82 காசு. மேலே சொன்ன 533 ரூபாயில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 416 ரூபாய், விகிதம் 0.42% ஆகக் குறைகிறது. அதே கட்டணத்தை 10,000 பாயின்ட் சேர்ந்த பிறகு ஒரே முறை கட்டினால், 2,000 ரூபாயில் 117 ரூபாய் மட்டுமே போகும். கட்டணம் உள்ள அட்டையில் சிறுகச் சிறுக எடுப்பது நட்டம்.

சின்னச் சின்ன பில்லுக்கும் இதே விகிதம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. "150 ரூபாய்க்கு 4 பாயின்ட்" என்றால் முழு 150 ரூபாய்களுக்கு மட்டும்தான். 149 ரூபாய் பில்லுக்கு ஒன்றுமில்லை. 290 ரூபாய் பில்லுக்கு 8 பாயின்ட் அல்ல, 4 பாயின்ட்தான் வரும். 80 காசு, விகிதம் 0.28%. பலசரக்குக் கடையில் இருநூறு, முந்நூறு என்று தினமும் தேய்ப்பவருக்கு அட்டையில் எழுதியிருக்கும் விகிதம் ஒருநாளும் கைக்கு வராது.

பாயின்ட்டுக்குப் பதிலாக மிக்ஸி, சூட்கேஸ், வவுச்சர் எடுப்பது லாபமா?

பட்டியலில் போட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையை மறந்துவிட்டு, அந்தப் பொருள் நாகர்கோவில் கடையில் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள். 20,000 பாயின்ட்டுக்கு ஒரு மிக்ஸி தருகிறார்கள், அதன் மேல் 5,500 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது, செட்டிக்குளத்தில் ஒரு கடையில் அதே மாடலை 3,900 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாயின்ட்டின் மதிப்பு பட்டியல் சொல்லும் 27.5 காசு அல்ல, 19.5 காசு. பில்லில் கழித்திருந்தால் 20 காசு கிடைத்திருக்கும். பொருள் வீட்டுக்கு வர இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டியிருந்திருக்காது.

வவுச்சரில் கவனிக்க வேண்டியது வேறு. 2,000 ரூபாய் வவுச்சர் என்பது அந்தக் கடையில் எப்படியும் 2,000 ரூபாய்க்கு வாங்கப்போகிறவருக்குத்தான் 2,000 ரூபாய். அந்தத் துணிக்கடையின் கிளை திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது என்றால், போக வர பஸ் கட்டணமும், போனதற்காகக் கூடுதலாக வாங்கும் துணியும் கணக்கில் வர வேண்டும். வவுச்சருக்குக் காலக்கெடு உண்டு என்பதையும், பல வவுச்சர்களை ஒரே பில்லில் முழுவதுமாகத் தீர்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளூரில் செல்லாத வவுச்சரை அதன் முகமதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் நான் மதிப்பதில்லை.

வளைகுடாவில் வேலை செய்யும் மகன் வந்து போக டிக்கெட் எடுக்கிறோம். பாயின்ட்டுக்கு அதுதான் சிறந்த வழியா?

நம் மாவட்டத்தில் பல வீடுகளுக்கு அதுவே சிறந்த வழியாக இருக்கிறது, ஏனென்றால் அந்த டிக்கெட்டை எப்படியும் வாங்கியே தீர வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போகும் டிக்கெட்டின் விலை வீட்டுக்கு நன்றாகத் தெரிந்த செலவு. அதில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் உண்மையான மிச்சம்.

ஆனால் விமான நிறுவனத்தின் தளத்தில் ஒரு விலையும், வங்கியின் பயணத் தளத்தில் வேறு விலையும் இருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் 14,200 ரூபாய், வங்கித் தளத்தில் அதே விமானம் 14,900 ரூபாய் என்றால், 50 காசு கணக்கில் உங்களிடமிருந்து 29,800 பாயின்ட் போகும். கிடைப்பதோ 14,200 ரூபாய்க்கு வாங்கியிருக்கக்கூடிய டிக்கெட். ஒரு பாயின்ட்டுக்கு 47.7 காசு. வங்கித் தளம் முன்பதிவுக் கட்டணமும் பிடித்தால் இன்னும் குறையும். அத்துடன், டிக்கெட் விலையில் பாதியையோ எழுபது சதவீதத்தையோ மட்டுமே பாயின்ட்டால் கட்ட முடியும் என்ற வரம்பை வைத்திருக்கும் அட்டைகளும் உண்டு. மீதிக்குப் பணம் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு தளங்களிலும் பெட்டிக்கான எடை வரம்பு ஒன்றுதானா என்பதைக் கட்டாயம் பாருங்கள். 30 கிலோ அனுமதிக்கும் டிக்கெட்டையும் கைப்பை மட்டும் அனுமதிக்கும் டிக்கெட்டையும் ஒப்பிட்டு "வங்கித் தளத்தில் விலை குறைவு" என்று முடிவு செய்பவர்கள் அதிகம். நேந்திரங்காய் சிப்ஸும் அச்சாறும் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீடுகளில், விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கட்டும் பணம் பாயின்ட்டில் மிச்சம் பிடித்ததை முழுவதுமாக விழுங்கிவிடும்.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்தால் ஒரு பாயின்ட் 2 ரூபாய்க்கு மேல் போகும் என்கிறார்களே?

கணக்குப்படி அது சரிதான். பாயின்ட்டை விமான நிறுவனத்தின் மைல்களாக (அந்த நிறுவனம் தன் பயணிகளுக்குத் தரும் பாயின்ட்டுக்கு மைல் என்று பெயர்) மாற்றி, ஒன்றரை லட்சம் ரூபாய் விலையுள்ள இருக்கையை 70,000 மைலுக்கு எடுத்தால், மைலுக்கு 2 ரூபாய்க்கு மேல் வரும். கேள்வி என்னவென்றால், அந்த இருக்கைக்கு ஒன்றரை லட்சம் ரூபாயை நீங்கள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பீர்களா? 22,000 ரூபாய் சாதாரண டிக்கெட்டில் போயிருப்பீர்கள் என்றால், உங்களுக்கு மிச்சமானது 22,000 ரூபாய். 70,000 மைலால் வகுத்தால் 31 காசு. மீதி வசதிக்கான ஆசை. அதற்கு ஒரு விலை வைப்பது அவரவர் விருப்பம், ஆனால் அதை வருமானமாக எழுதிக்கொள்ளக் கூடாது.

விளம்பரத்தில் காட்டும் கடலோர விடுதிப் படங்களுக்கும் இதே பதில்தான். சொத்தவிளை, முட்டம் கடற்கரைகளில் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கும் நமக்கு அது இன்னும் எளிதாகப் புரியும்.

எந்தெந்தச் செலவுகளுக்குப் பாயின்ட் வராது?

எரிபொருள், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுதல், அரசுக்குக் கட்டும் வரி, இ.எம்.ஐ.யாக மாற்றிய பொருள் ஆகியவற்றுக்குப் பல அட்டைகளில் பாயின்ட் கிடையாது. காப்பீடு, மின்கட்டணம், பள்ளி கல்லூரிக் கட்டணம், நகை ஆகியவற்றுக்குச் சில அட்டைகளில் குறைவு, சிலவற்றில் உச்சவரம்பு, சிலவற்றில் பூஜ்யம். ஒவ்வொரு கடைக்கும் வணிக வகையைக் காட்டும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் பங்குக்கு 5541, நகைக்கடைக்கு 5944, பலசரக்குக்கு 5411 என்பது போல. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வங்கியின் கணினி பாயின்ட் போடுகிறது. நீங்கள் உண்மையில் என்ன வாங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

கல்யாண நகை 5 லட்சம் ரூபாய்க்கு எடுக்கப்போகிறோம். கார்டில் போட்டால் பாயின்ட் குவியும் அல்லவா?

பில் போடும் மேஜையில் கார்டை நீட்டியதும் வழக்கமாக ஒரு குரல் கேட்கும்: "கார்டுன்னா ரெண்டு பெர்சென்ட் கூட வரும் அண்ணே." 5 லட்சத்துக்கு அது 10,000 ரூபாய். நகைக்கும் பாயின்ட் தரும் அட்டை என்றே வைத்துக்கொண்டாலும், மேலே பார்த்த விகிதத்தில் 13,333 பாயின்ட், அதாவது 2,667 ரூபாய்தான் வரும்.

ஆண்டில் 5 லட்சம் செலவிட்டால் 5,000 ரூபாய் வவுச்சர் கிடைக்கும், ஆண்டுக் கட்டணம் 1,180 ரூபாயும் தள்ளுபடியாகும் என்று நீங்கள் சொல்லலாம். மூன்றையும் கூட்டினால் 8,847 ரூபாய். அப்போதும் கடைக்காரருக்குக் கொடுக்கும் 10,000 ரூபாயைவிட 1,153 ரூபாய் குறைவு. கடை கூடுதலாக எதுவும் கேட்கவில்லை, உங்கள் அட்டையில் நகைச் செலவும் அந்த 5 லட்சத்தில் சேரும், பில் வரும் நாளில் முழுத் தொகையையும் கட்டக் கணக்கில் பணம் இருக்கிறது என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் கார்டில் போடுங்கள்.

இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றத்தில் கொடுத்துவிட்டு, பேரம் பேசும் தெம்பைச் சேதாரத்தில் காட்டுவது மேல். 5 லட்சம் ரூபாய் தங்கத்துக்குச் சேதாரத்தில் ஒரு சதவீதம் குறைந்தாலே 5,000 ரூபாய். பாயின்ட் என்பது இந்தக் கணக்கில் காய்கறிக் கடைக் கொசுறு. கொசுறுக்காகக் காயின் விலையைப் பேசாமல் விடக் கூடாது. கையில் ரொக்கமாகக் கொண்டுபோகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே வாங்கலுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் கடைக்காரரை அனுமதிப்பதில்லை.

பெட்ரோலுக்குக் கார்டு லாபமா?

எண்ணெய் நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட அட்டை என்றால் லாபம் உண்டு. சாதாரண அட்டையில் 2,000 ரூபாய்க்கு அடித்தால் 1% கூடுதல் கட்டணமாக 20 ரூபாயும் அதன் மேல் 3 ரூபாய் 60 காசு ஜி.எஸ்.டி.யும் விழும், வங்கி 20 ரூபாயைத் திருப்பித் தரும், வரியைத் தராது, பாயின்ட்டும் இல்லை. களியக்காவிளையில் கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் வந்து அடிப்பதில் லிட்டருக்குக் கிடைக்கும் மிச்சம் இதைவிட எவ்வளவோ பெரிது.

ரயில் டிக்கெட்டுக்கு?

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஏ.சி. டிக்கெட்டுக்கு யு.பி.ஐ. மூலம் கட்டினால் சேவைக் கட்டணம் 20 ரூபாய், கார்டு என்றால் 30 ரூபாய், வரி தனி. கார்டுக்கு இதற்கு மேல் பெரும்பாலும் 1% பரிமாற்றக் கட்டணமும் சேரும். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு போக 4,000 ரூபாய் டிக்கெட் எடுத்தால், அந்த ஒரு சதவீதமே 40 ரூபாய். அரை சதவீத அட்டையில் வரும் பாயின்ட் 20 ரூபாய். அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ரயில்வே கூட்டு அட்டை இல்லாதவர்கள் யு.பி.ஐ.யில் கட்டுவதே சரி.

ரூபே கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்திருக்கிறேன். எல்லாக் கடையிலும் பாயின்ட் வருமா?

2022ஆம் ஆண்டு முதல் ரூபே கிரெடிட் கார்டுகளை யு.பி.ஐ. செயலியில் இணைக்க முடிகிறது. வணிகருக்கான கியூ.ஆர். அட்டையில் மட்டும்தான் அது செல்லும்; தனிநபர் கணக்குக்கு அனுப்ப முடியாது. குளச்சலில் மீன் விற்பவரோ தோவாளையில் பூக் கட்டுபவரோ தம் சொந்தக் கணக்கின் கியூ.ஆர். வைத்திருந்தால் கார்டிலிருந்து பணம் போகாது. போகும் இடங்களிலும் யு.பி.ஐ. செலவுக்கு வங்கி குறைந்த விகிதம் தருகிறதா, மாத வரம்பு வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கட்டணம் உள்ள அட்டை வாங்கலாமா?

1,000 ரூபாய் கட்டணம் என்றால் வரியோடு 1,180 ரூபாய். கட்டணமில்லாத அட்டை 0.5% தருகிறது, இது 1% தருகிறது என்றால், கூடுதலாகக் கிடைக்கும் அரை சதவீதத்தில் 1,180 ரூபாயை எடுக்க நீங்கள் ஆண்டுக்கு 2,36,000 ரூபாய் செலவிட வேண்டும்; அதுவும் பாயின்ட் தரும் செலவுகளில் மட்டும். மாதம் சுமார் 20,000 ரூபாய் இப்படிச் செலவாகாத வீட்டுக்கு அந்த அட்டை தேவையில்லை. விமான நிலைய ஓய்வறை இலவசம் என்பதற்காக வாங்குபவர்கள், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவிட்டால்தான் அனுமதி என்று பல அட்டைகள் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மாதம் மினிமம் டியூ (பில்லில் குறைந்தது கட்ட வேண்டிய தொகை) மட்டும் கட்டினால் பாயின்ட் போய்விடுமா?

பாயின்ட் இருக்கும்; அதன் அர்த்தம்தான் போய்விடும். 40,000 ரூபாய் பில்லுக்கு 213 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் வந்திருக்கும். 5% மினிமம் டியூவாக 2,000 ரூபாய் மட்டும் கட்டி, 38,000 ரூபாயை மாதம் 3.5% வட்டியில் விட்டால், ஒரு மாத வட்டி 1,330 ரூபாய், ஜி.எஸ்.டி. 239 ரூபாய், மொத்தம் 1,569 ரூபாய். உண்மையில் வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓடுவதால் இதைவிடக் கூடும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆண்டுக்கு 42% வட்டி கட்டிக்கொண்டு பாயின்ட்டின் மதிப்பை ஆராய்வது வீண் வேலை.

மகன் வெளிநாட்டில் நம் ஊர் கார்டைப் பயன்படுத்தினால் பாயின்ட் வரும் அல்லவா?

வரும். ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டணம் பல அட்டைகளில் 3.5%, வரியோடு 4.13%. சாதாரண அட்டையின் பாயின்ட் இதை ஈடுகட்டாது.

பாயின்ட்டைப் பெரிய தொகையாகும் வரை சேர்த்து வைக்கலாமா?

ஒரு முறை எடுக்கும் கட்டணம் சிறிதாகத் தெரியும் அளவுக்குச் சேர்ந்தால் போதும். பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். அறிவிப்புக் கொடுத்து மதிப்பைக் குறைக்கும் உரிமையும் வங்கியிடம் இருக்கிறது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது. சேர்ந்திருந்த மைல்கள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன என்றாலும், எந்தத் திட்டத்தை நம்பிச் சேர்த்தார்களோ அந்தத் திட்டமே இல்லாமல் போனது.

"உங்கள் 9,850 பாயின்ட் இன்றிரவு காலாவதியாகிறது" என்று லிங்க்குடன் எஸ்.எம்.எஸ். வந்தது. நம்பலாமா?

நம்பக் கூடாது. அந்த லிங்க் கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கும், அல்லது ஏ.பி.கே. கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) ஒன்றை போனில் நிறுவச் சொல்லும். நிறுவினால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்குப் போகும். பாயின்ட் இருப்பைப் பார்க்க வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்றப்பட்டுள்ளதால், வேறு விதமாக முடியும் முகவரியைப் பார்த்தாலே சந்தேகப்படலாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்குங்கள். ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போன பணம் உங்கள் தலையில்தான் விழும்.

கார்டையே வேண்டாம் என்று மூடும்போது பாயின்ட் என்ன ஆகும்?

பல வங்கிகளில் கணக்கு மூடியதும் பாயின்ட் ரத்தாகும். எனவே முதலில் பாயின்ட்டைப் பில்லில் கழித்து, அது ஸ்டேட்மென்ட்டில் ஏறியதைப் பார்த்து, மீதிப் பாக்கியைக் கட்டி, அதன் பிறகு மூடக் கோருங்கள். பாக்கி எதுவும் இல்லாதபோது, கோரிக்கை வந்த 7 வேலை நாட்களுக்குள் கார்டை மூட வேண்டும் என்றும், தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. கோரிக்கை எண்ணையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.